ஏழாவது கொட்டகை

பூதக்கண்ணாடி வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்ததுமே மாட்டிக்கொண்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் நான்தான். எங்கள் அகழாய்வுக் குழுவில் எதையும் மூக்கு உரசப் பார்க்காமல் விடமாட்டாள். உலகப் போர்க்காலத்தில் இந்த வயல்வெளியில் ஒரு பட்டாள முகாம் இருந்தது. போர் முடிந்ததும் தகரத்தையும் மரத்தையும் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். கொட்டகைகளின் கான்கிரீட் தளங்கள் மட்டும் புல்லுக்கடியில் கிடந்தன. அவற்றைத் தேடி அளந்து வரைவதுதான் ஆறு மாதமாக எங்கள் வேலை. டேப்பைப் பிடிப்பது நான்.

"இங்க பாருங்க சார். ஒரு தளத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல சரியா பதினெட்டு மீட்டர். ஆறாவதுக்கு அப்புறம் மட்டும் நாற்பத்திரண்டு. நடுவுல ஆறு மீட்டர் அகலத்துல ஒரு கொட்டகையை முழுங்கிட்டோம்."

குழுத் தலைவர் என்னைப் பார்த்தார். "அந்தப் பக்கம் நீதானே அளந்த?"

"முள்ளுப் புதர் சார்."

பொய். அங்கே புதர் இல்லை. எங்கள் வீடு இருக்கிறது.

முப்பத்தொரு வருடத்துக்கு முன், ஒண்ட இடமில்லாமல் அலைந்த அப்பாவும் அம்மாவும் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு தளத்தின் மேல் சுவர் எழுப்பினார்கள். அதற்குக் காகிதம் எதுவும் கிடையாது. இப்போது முகாமைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப் போகிறார்கள். வரைபடத்தில் தளம் என்று எது வருகிறதோ, அதன் மேல் நிற்பதையெல்லாம் இடித்துவிடலாம். அதனால் ஏழாவதை நான் வரையவில்லை. தினமும் வீட்டுப் பக்கம் பஸ் ஏறி இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, வேறு ஊர்க்காரி மாதிரி நடந்து வேலைக்கு வந்தேன். விட்ட இடைவெளியே காட்டிக்கொடுக்கும் என்பது மட்டும் உறைக்கவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி. வெட்கக்கேடு.

நேரில் பார்த்துவிட மூவரும் நடந்தோம். ஒவ்வொரு எட்டும் எனக்குத் தெரிந்த மண். அம்மா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்னடி இது, வேலைக்குப் போறேன்னுட்டு வீட்டுக்கே திரும்பி வந்து நிக்கற?"

அவ்வளவுதான். தலைவரின் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவுக்கு விருந்தாளி வந்த சந்தோஷம். "உள்ள வாங்க சார். பாத்து, இப்பத்தான் துடைச்சேன், வழுக்கும்." சுவரோரம் தரையில் பதித்த இரும்பு வளையத்தைக் காட்டினாள். கட்டிலுக்கடியில் கான்கிரீட்டில் பதிந்த பூட்ஸ் தடத்தையும் காட்டினாள். "நாங்க வரும்போதே இருந்துச்சு. காயறதுக்குள்ள எவனோ மிதிச்சிருக்கான், அவசரக்குடுக்கை."

தலைவர் மண்டியிட்டார். "அபாரம்," என்றார். கண் கலங்கியே விட்டது அவருக்கு. போன மாதம் ஒரு உடைந்த சீப்பு கிடைத்தபோதும் இப்படித்தான், "எந்தத் தாய் பெத்த பிள்ளையோ" என்று அரைநாள் புலம்பல். அந்தச் சீப்புக்கு ஒரு பை, ஒரு எண், பஞ்சு மெத்தை.

பிறகு அவர் விரல், குளிக்கும் மூலையிலிருந்து சுவர்வரை தளத்தில் ஓடிய பள்ளத்தில் நின்றது. "ச்ச. பிற்காலச் சேதம்."

"சேதமா?" அம்மா இடுப்பில் கை வைத்தாள். "எங்க வீட்டுக்காரர் மூணு வாரம் உளி வச்சு வெட்டின வாய்க்கால் சார் அது. அவர் போய்ச் சேந்து நாலு வருஷம் ஆச்சு, இன்னும் தண்ணி நிக்காம ஓடுது. அது இல்லன்னா மழைக்கு இந்த வீட்டுல நீச்சல்தான் அடிக்கணும்."

வெளியே வந்ததும் தலைவர் குரலைத் தாழ்த்தினார். "சேரும்போதே சொல்லியிருக்கணும் நீ."

"சொல்லியிருந்தா சேத்திருப்பீங்களா?"

அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "ஏழாவதை வரைஞ்சிடு. மேல இருக்கறதுக்கு 'பிற்காலச் சேதம்'னு ஒரு வரி போதும்."

வாசற்படியில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தேன். மண்ணிலே கண்ட ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு தாள்: என்ன, எப்போது, யார் செய்தது. எங்கள் வேலையின் அரிச்சுவடி அது. முதல் தாளில் தளம், பட்டாளம். இரண்டாவதில் சுவர்கள், முப்பத்தொரு வருடம், அப்பா அம்மா பெயர். மூன்றாவதில் அடுப்பு மூலை, புகைக் கறை. நான்காவதில் வாய்க்கால், உளி, அப்பா பெயர்.

தலைவர் எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் எதுக்கு? அடிச்சிடு."

"பேனாவுல எழுதியாச்சு சார். அடிக்கறவங்க காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும். முதல் நாள் நீங்கதான் சொன்னீங்க." பேனாவை நீட்டினேன்.

வாங்கினார். மூடியைத் திறந்தார். என்ன காரணம் எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை போல.

உள்ளே பூதக்கண்ணாடி தரையோடு தரையாகக் கவிழ்ந்து கிடந்தாள். "சார், உளித் தடம் ஒண்ணொண்ணும் தனியாத் தெரியுது. இடது கைக்காரர் போலிருக்கு. படம் எடுக்காம விட்டா பாவம்."

அப்பா இடது கைக்காரர்தான். அவளுக்கு வேறு பட்டப்பெயர் வைத்திருக்கலாம்.

தலைவர் பேனாவை மூடித் திருப்பித் தந்தார். கையெழுத்துப் போடவில்லை.

நாளை அறிக்கை மேலிடத்துக்குப் போகிறது. ஏழாவதும் சேர்த்துப் பன்னிரண்டு தளமும் இருக்கும், எங்கள் நான்கு தாளும் இருக்கும். நான் வீட்டைக் காப்பாற்றினேனா, கையைப் பிடித்து இடிக்கிறவர்களிடம் கூட்டிக்கொண்டுபோய் விட்டேனா, தெரியவில்லை. இடித்தால், என்ன இடிக்கிறோம் என்று படித்துவிட்டு இடிக்கட்டும்.

"எழுதி முடிச்சாச்சில்ல? வா, வந்து ஒரு கை பிடி," என்றாள் அம்மா. "மிதிச்சவன் தடத்தையும் படம் எடுக்கணுமாம். கட்டில் மறைக்குது."

நான் ஒரு முனையைத் தூக்கினேன், அவள் மறுமுனையை. ஒற்றை அறை. மூன்று பக்கமும் சாமான், நான்காவது பக்கம் அடுப்பு.

"எங்கடி வைக்கறது?" என்றாள்.

தூக்கியபடியே நின்றோம்.