கச்சிராயபாளையம் மாடல்

ராதிகா பட்டனை அமுக்கினாள். உள்ளே ஃபேன் சுற்றியது. மானிட்டரில் கறுப்பாக ஒரு திரை, அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. கிளப்புவதற்கு டிஸ்க் எதுவும் இல்லையாம்.

"இல்லியா? நேத்து வரைக்கும் இருந்திச்சே!" என்று மானிட்டரிடமே சண்டைக்குப் போனாள். அணைத்துப் போட்டாள். அதே வரி. குனிந்து பெட்டியின் பின்பக்கம் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எந்நேரமும் குத்தியே இருக்கும் சிவப்புப் பென்டிரைவைக் காணோம்.

மேசைக்கு அடியில் தேடினாள், பாயை உதறினாள், குழந்தையின் பொம்மைக் கூடையைக் கவிழ்த்துக் கொட்டினாள். ஊஹூம். தோள்பையில் அன்று காலை அவளே எடுத்த கல்யாணத்தின் மெமரி கார்டுகள் கிடந்தன. கள்ளக்குறிச்சி மண்டபத்தில் விடிகாலை முகூர்த்தம் முடிந்து, கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்துக் கச்சிராயபாளையத்து வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். சாயங்காலம் அதே மண்டபத்தில் ரிசப்ஷன். அதற்குள் காலையில் நடந்த கல்யாணத்தை வெட்டிக் கோத்து, பெரிய எல்.இ.டி. திரையில் படமாக ஓட விட வேண்டும். ஓடினால் அவளுக்கு மறுபடியும் எடிட்டர் வேலை. ஓடாவிட்டால் போச்சு, அந்தப் பேச்சே கிடையாது.

மறுபடியும் என்றால், குழந்தை பிறக்கும் வரைக்கும் கள்ளக்குறிச்சியில் தமிழ்வேந்தனின் ஸ்டுடியோவில் அவள்தான் எடிட்டர். கல்யாண வீடியோ வெட்டுவதில் ராதிகாவை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று தமிழ்வேந்தனே வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டு திரிந்தவர்தான். குழந்தை வந்தது. டவுன் பஸ்ஸில் போய் இருட்டிய பிறகு திரும்புகிற பிழைப்பு நின்றது. வீட்டிலிருந்தே செய்து தருகிறேன் அண்ணா என்று போய்க் கேட்டாள். அதற்குள் ஸ்டுடியோ முழுக்க மேக் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது.

"நம்ம ப்ராஜெக்ட் எல்லாம் இப்ப மேக்லதாம்மா தொறக்கும். வூட்ல ஒரு மேக் வாங்கிப் போடு, அப்பால வா, குடுக்கறேன்" என்று சிரித்தார் தமிழ்வேந்தன். அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து அனுப்புவார்களே, அந்தச் சிரிப்பு.

வேலை இல்லை என்று சொல்லியிருந்தால்கூடப் பேசாமல் வந்திருப்பாள். அந்தச் சிரிப்பில்தான் உடம்பெல்லாம் எரிந்தது. மேக் வாங்க நமக்கு வக்கில்லை, சரி. வாங்காவிட்டால் என்ன, நாமே ஒன்று கட்டுவோம் என்று இறங்கிவிட்டாள்.

மேக்கின் சிஸ்டம் அந்தக் கம்பெனிப் பெட்டியில்தான் ஓடும். வேறு பெட்டியில் போட்டால் கம்பெனி பொறுப்பேற்காது. சிஸ்டமும் முகம் கொடுத்துப் பேசாது. ஆனால் வீம்பு பிடித்தவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள் இல்லையா, அவர்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து இணையத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ராதிகா அதைப் படித்தாள். புரியாததை மறுபடி படித்தாள். மதர்போர்டு சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. அந்த சிஸ்டத்துக்கு ஒத்துப்போகிற கிராபிக்ஸ் கார்டு திருக்கோவிலூரில் மூடிப்போன ஒரு கேம் சென்டரில் கிடைத்தது. பெட்டி பழைய இரும்புக் கடைச் சரக்கு. அவள் புருஷன் அய்யனார் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். ஃபேன் வைக்க அவன்தான் அதில் ஓட்டை போட்டுக் கொடுத்தான். எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது கோழிக்கூண்டு மாதிரி இருந்தது. அதுவும் லேசில் கிளம்பவில்லை. பாதியில் நின்றது, சத்தம் வராமல் படுத்தியது, திரை இருண்டு போனது. கடைசியில் மேக்கின் அடையாளமான கடித்த ஆப்பிள் மானிட்டரில் வந்த அன்றைக்கு ராதிகா குழந்தையைத் தூக்கிச் சுற்றிய சுற்றில் குழந்தை வாந்தி எடுத்துவிட்டது.

அத்தனைக்கும் சாவி அந்தச் சிவப்புப் பென்டிரைவ். பெட்டி விழித்ததும் முதலில் அதைத்தான் தேடும். அதில் இருக்கிற சின்னப் புரோகிராம்தான், "இதுவும் ஒங்க வூடு மாதிரிதான், வா" என்று சிஸ்டத்தின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகும். அதை உள் டிஸ்க்கிலேயே ஒரு காப்பி போட்டு வைத்திருக்கலாம். நல்லா ஓடிக்கினு இருக்குறதுல எதுக்குக் கை வெச்சிக்கினு என்று ராதிகா நாளைக் கடத்திவிட்டாள்.

மேக் இருக்கிறது என்று போய்ச் சொன்னபோது தமிழ்வேந்தன் முழுசாக நம்பவில்லை. "ஒட்டுப்போட்ட பொட்டியெல்லாம் நேரத்துக்குக் கால வாரிடும்மா. சரி, பாத்துடுவோம். இந்தக் கல்யாணத்த அன்னிக்கே வெட்டி அன்னிக்கே போட்டுக் காட்டு. காட்டிட்டேன்னா இனிமே வேலை எல்லாம் ஒன் வூடு தேடி வரும். இல்லன்னா என்னைக் கேக்கக் கூடாது."

இன்றைக்குப் பார்த்து இப்படி. அய்யனாருக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. குழந்தையை மாமியார் கொளஞ்சியம்மாளிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டியை முறுக்கினாள்.

அவன் கரும்பு ஏற்றும் வயல் கோமுகி வாய்க்கால் ஓரம். டிராக்டர் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே காதில் விழுந்தது. பம்பையும் உடுக்கையுமாக ஒரு அம்மன் பாட்டு, வரப்பு அதிர அலறிக்கொண்டிருந்தது. அந்த டிராக்டர் இதற்கு முன் பாடியதே கிடையாது. ராதிகாவுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"மாமா! பாட்ட நிறுத்து!"

அய்யனார் வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தான். "இன்னா புள்ள, வயலுக்கே வந்துட்ட? எப்டிக்கீது பாட்டு? மொதலாளி புதுசா செட்டு போட்டுக் குடுத்துக்கீறாரு."

"பென்டிரைவ் ஏது?"

"ஒன் பொட்டியில சும்மா குத்திக்கினு இருந்திச்சே, அதான். நீ ஒரு நாளும் அதத் தொட்டு நான் பாத்ததில்ல. காலைல சின்னராசு கடையில பாட்டு ஏத்திக்கினு வந்தேன். உள்ள ஒண்ணுமே இல்லன்னு அவனே சொன்னான்."

"ஒண்ணுமே இல்லியா? யோவ், என் பொழப்பே அதுலதான்யா இருந்திச்சு!"

கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அய்யனாருக்கு முகம் செத்துப்போயிற்று. அவள் கோபத்தை அவன் பார்த்திருக்கிறான். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியதைப் பார்த்துத்தான் பயந்துபோனான். டிராக்டரில் ஏறிப் பென்டிரைவைப் பிடுங்கினான். லோடை வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கும் சின்னராசு, விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான். "சொருவினதுமே ஃபார்மட் பண்ணாத்தான் தொறக்கும்னு கேட்டிச்சு அண்ணி. பண்ணிட்டேன். எனக்கு இன்னா தெரியும்?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அது மேக்கின் முறைப்படி எழுதின பென்டிரைவ். மற்றக் கம்ப்யூட்டரின் கண்ணுக்கு அது வெறும் பாத்திரம்தான்.

"மேல பாட்டு வேற ஏத்திட்டேன். திருப்பி எடுக்கறது கஷ்டம் அண்ணி" என்று இழுத்தான் சின்னராசு.

"தமிழ்வேந்தன் அண்ணன்கிட்ட நான் போய்ப் பேசறேன். தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன். இன்னொரு கல்யாணம் குடுக்காமயா பூடுவாரு?" என்றான் அய்யனார்.

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். ராதிகாவுக்கோ அந்த மிட்டாய்ச் சிரிப்பு கண்ணெதிரே வந்து நின்றது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"நீ யாருகிட்டயும் போய் நிக்க வாணாம் மாமா. சின்னராசு, புதுசா ஒரு பென்டிரைவ் எடு. லேப்டாப்பத் தூக்கிக்கினு எங்க வூட்டுக்கு வா."

"அண்ணி, அத ஓட வெக்க மாசக்கணக்கா ஆச்சுன்னு அண்ணன் சொல்லும்..."

"அப்ப தெரியாம செஞ்சேன். இப்ப தெரியும். வா!"

சின்னராசு ஷட்டரை இழுத்துவிட்டு வந்தான். வேறென்ன செய்வான்?

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள் ராதிகா. தேவையான துண்டுப் புரோகிராம்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். சத்தத்துக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் அவளை அழ வைத்தது. அழ வைத்ததெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கும் இல்லையா? விரல் தட்டத் தட்ட, இதற்கு இது, அதற்கு அது என்று தானாகவே வந்தது. ஆரம்பத்தில் எவனோ எழுதி வைத்ததைப் பார்த்துப் பார்த்துத் தட்டியவள், இன்றைக்கு எதையும் பார்க்கவில்லை. அது அவளுக்கே பாதியில்தான் உறைத்தது. உறைத்ததும் ஒரு தெம்பு வந்தது பாருங்கள், முதுகு நிமிர்ந்துவிட்டது.

புதுப் பென்டிரைவைக் கோழிக்கூண்டில் குத்திப் பட்டனை அமுக்கினாள். வெள்ளை எழுத்துகள் வரிசை வரிசையாக மேலே ஓடின. ஓடி, பாதியில் நின்றன.

"செத்துப்போச்சா?" என்றான் அய்யனார்.

"கம்முனு இரு மாமா."

கடைசி வரியைப் படித்தாள். சிஸ்டம் தன் டிஸ்க்கைத் தேடிக்கொண்டு நிற்கிறது. அட, டிஸ்க்குக்கான துண்டைப் போடவே இல்லை! "அறிவு கெட்டவளே" என்று தன்னையே திட்டிக்கொண்டு அதைச் சேர்த்தாள். மறுபடி குத்தி, மறுபடி அமுக்கினாள். எழுத்துகள் ஓடின. நின்ற இடத்தைத் தாண்டியும் ஓடின. திரை ஒரு கணம் இருண்டது. சின்னராசு "ஐயையோ" என்று வாயைத் திறந்தான். நட்டநடுவில் கடித்த ஆப்பிள் வந்து உட்கார்ந்தது.

அய்யனார் விட்ட விசிலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. ராதிகா முதல் வேலையாகப் புரோகிராமை உள் டிஸ்க்கில் காப்பி போட்டாள். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். எந்தச் சாவியும் இல்லாமல் ஆப்பிள் தானாக வந்தது. "இனிமே எவனும் புடுங்க முடியாதுடா" என்று பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அதற்கப்புறம் அவளிடம் யாரும் பேச முடியவில்லை. கார்டுகளை இறக்கினாள், வெட்டினாள், கோத்தாள். நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம், மணமகளின் தோழி ஒளித்துவைத்த செருப்பு, ஐயர் கொட்டாவி விட்டது, எல்லாம் வந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் மணமகளின் அப்பா, பூமாலை என்பவர், மேடையில் இல்லை. பந்தியில் இலை பத்தவில்லை என்று தகராறு. மனுஷன் அதைத் தீர்க்க ஓடியிருந்தார். மணமகள் கழுத்தில் தாலி ஏறும்போது கூட்டத்துக்குள் அப்பாவைத் தேடியது ராதிகாவின் கேமராவில் அப்படியே விழுந்திருந்தது. அந்தப் பார்வையை வெட்டாமல் முழுசாக விட்டாள்.

கடைசியில் ஸ்டுடியோ பெயரைப் போட்டாள். கொஞ்சம் யோசித்தாள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்.

கல்வராயன் மலைப்பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மலையில் தூறினாலே இங்கே கரண்ட் போகிற ஊர். வெட்டியதெல்லாம் ஒரே படமாக உருவாகி முடிகிற வரைக்கும் லைட் மங்குவதும் எரிவதுமாக உயிரை வாங்கியது; நல்லவேளையாகப் போகவில்லை. முடிந்ததும் அய்யனார் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பென்டிரைவையே நீட்டினான். இருக்கிற அவசரத்தில் அதிலேயே படத்தை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தார்கள்.

மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வந்தாயிற்று. வாசலிலேயே நின்றிருந்த தமிழ்வேந்தன், "வந்துட்டியா? நான் போட்டோவ மட்டும் ஓட்டிடலாம்னு..." என்று ஆரம்பித்தார். ராதிகா அவரைத் தாண்டிப் போய் எல்.இ.டி. ஆளிடம் பென்டிரைவைக் கொடுத்தாள்.

படம் ஓடியது. செருப்புக்குச் சிரித்தார்கள். கொட்டாவிக்கு இன்னும் ஜாஸ்தி சிரித்தார்கள். தாலி ஏறியது. அவ்வளவு பெரிய திரையில் மணமகளின் கண் அப்பாவைத் தேடியது. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றிருந்த பூமாலை, தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மகள் மேடையிலிருந்து அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

கடைசியில் ஸ்டுடியோ பெயர் வந்தது. கீழே, 'எடிட்டிங்: ராதிகா, கச்சிராயபாளையம்'. நம்ம ஊர் பெயர் திரையில் வந்தால் சும்மா இருப்பார்களா? கல்யாணத்துக்கு வந்திருந்த கச்சிராயபாளையத்து ஜனம் மொத்தமும் கூச்சல் போட்டது. அய்யனார் நாற்காலி மேலேயே ஏறிவிட்டான்.

அந்தக் கூச்சல் அடங்கவில்லை, பம்பையும் உடுக்கையும் கூரை பிளக்க அலறின. படம் முடிந்ததும் பென்டிரைவ் தன்பாட்டுக்கு அடுத்ததற்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அத்தை பச்சையம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டாள். வேப்பிலை எங்கே, தண்ணி எங்கே என்று ஒரே களேபரம். ராதிகாவுக்கு உயிரே போயிற்று. அதற்குள் பூமாலையின் குரல் அத்தனைக்கும் மேலே எழுந்தது.

"அந்தப் பாட்ட நிறுத்துப்பா! படத்த இன்னொரு தபா போடு! நான் என் பொண்ணு கல்யாணத்தப் பாக்கணும்!"

போட்டார்கள். இந்தத் தடவை அவர் மேடைக்குப் போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ராதிகா ஒரு தூண் பக்கமாகத் திரும்பிக்கொண்டு ஆசைதீர அழுதாள். இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு எப்போது வந்தது என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

தமிழ்வேந்தன் பக்கத்தில் வந்து நின்றார். சிரிக்கவில்லை. "மேக் இன்னா மாடல்மா?"

"கச்சிராயபாளையம் மாடல்ணா."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பெயர் இரண்டாம் தடவையாக வந்தது. பையிலிருந்து வேறொரு கல்யாணத்தின் கார்டுகளை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"பேர ஏம்மா இவ்ளோ சின்னதா போட்டுக்கீற?" என்றார்.