கல்லறை வீட்டின் வாசல்

சேவூர்ப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்து ஓட்டு வீட்டைத் தன் செலவில் செப்பனிட்டுத் தருவதாகப் பனியன் கம்பெனி முதலாளி தரணீதரன் சொன்னபோது ஊரே அவரை வாயாரப் புகழ்ந்தது. சூசையம்மாளுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. வெள்ளைக்காரச் சாமியார் காலத்தில் காவல்காரனுக்காகக் கட்டிய வீடு. இனி சாயங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கலாம், அடக்கத்துக்கு வருகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்கலாம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் இந்து மனுசர், அதுவும் வீரபாண்டியில் சாயப்பட்டறை வைத்திருக்கிறவர், கிறிஸ்தவக் கல்லறை வீட்டுக்கு எதற்கு ஃபேன் மாட்ட வேண்டும்? சும்மா அள்ளிக் கொடுக்க அவருக்கென்ன பைத்தியமா?

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கம்பெனியில் கழித்துப்போட்ட கட்டிங் டேபிளை இழைத்துப் படிக்கிற மேசையாக்கியிருந்தார்கள். இரண்டு பெஞ்சு, ஒரு பீரோ, ஒரு கேரம் போர்டு. வெளியே, வாசலுக்கு வலப்பக்கம், கொத்தனார் மயில்சாமி சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டு வைத்திருந்தார். கக்கூஸ் குழியாம்.

அது அவள் மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடம். முப்பது வருஷத்துக்கு முன்பு, பிறந்த அன்றே இறந்த அவள் பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. அப்படிப்பட்ட குழந்தைகளை அந்தக் காலத்தில் மந்திரித்த மண்ணில் வைக்க மாட்டார்கள். ஓரமாகப் புதைப்பார்கள், சிலுவை கிடையாது. பிள்ளை பெற்றவள் அடக்கத்துக்குப் போகும் வழக்கமும் இல்லை. புருஷன் போய்விட்டு வந்து, "கல்லறை வீட்டு வாசலுக்கு வலது கைப்பக்கம் வெச்சிருக்கேன்" என்றான். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. மறு வருஷம் வேலைக்குப் போன ஊரிலேயே அவன் செத்துப்போனான். அவள் தாய்வீட்டோடு போய்விட்டு, பல வருஷம் கழித்துத்தான் அந்தத் தோட்டத்தில் கால் வைத்தாள்.

இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மட்டும் சொல்லிவிடுவாளா? நேரே தரணீதரனிடம் போனாள்.

"ஏனுங்க, கக்கூஸுக்கு எதுக்குங்க அத்தாப் பெரிய குழி? சாயத்தண்ணியக் கொண்டாந்து உடுறதுக்குங்களா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "அப்படியெல்லாம் இல்லீங்கம்மா. சந்தேகமா இருந்தா வேற எடம் சொல்லுங்க."

"மேக்கால செவுத்தோரமாத் தோண்டுங்க. அங்க ஒண்ணுமே இல்லீங்க."

சரி என்றார். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டதே அவள் சந்தேகத்தைக் கூட்டிவிட்டது. இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்று அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஓடினாள்.

மேற்கே குழி இடுப்பளவு இறங்கியிருந்தது. மயில்சாமி உள்ளே நின்று தோண்ட, தரணீதரன் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சுவரில் பழைய காரையைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். அங்கே ஒரு கல் நிலை தெரிந்தது. நடுவில் செங்கல் வைத்து அடைத்திருந்தது.

"இது என்னங்க?"

"இதுதானுங்க பழைய வாசல்," என்றார் தரணீதரன். "நான் பள்ளிக்கூடம் போறப்ப இதான் இருந்துச்சு. இருவத்தஞ்சு வருசத்துக்கு முந்தித் தார் ரோடு வந்தப்பத்தான் இதை அடைச்சுட்டுக் கெழக்க வெச்சாங்க."

சூசையம்மாள் நிலையைப் பார்த்தாள். அதற்கு வலது கைப்பக்கம் பார்த்தாள். குழி அங்கேதான் இறங்கியிருந்தது.

"நிறுத்துங்க. தோண்டாதீங்க."

"ஏனுங்கம்மா, இங்க தோண்டச் சொன்னதே நீங்கதானுங்களே."

அவர் குரலில் குத்தலே இல்லை. திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பாள்.

"ஆமாங்க. நாந்தானுங்க சொன்னேன்." முப்பது வருஷமாக வாயில் வராதது அன்றைக்கு வந்தது. "அங்க எம் பொண்ணு இருக்கறாளுங்க."

மயில்சாமி கடப்பாரையைக் கீழே போட்டார். காலை எங்கே எடுத்து வைப்பது என்று தெரியாமல் குழிக்குள்ளேயே நின்றார். தரணீதரன் குனிந்து கைகொடுத்து அவரை மேலே ஏற்றினார்.

"இப்பவே மூடிரலாங்கம்மா," என்றார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் சூசையம்மாள். தோண்டிப்போட்ட மண்மேட்டின் முன்னால் உட்கார்ந்து, மண்ணை ஒவ்வொரு பிடியாக அள்ளி, உதிர்த்து உதிர்த்துப் பார்க்கத் தொடங்கினாள்.