சாவி கேட்டு வருகிறவர்கள்

வில்பூஷ் என்ற பிரெஞ்சுக் கிராமத்துத் தேவாலயத்துக்கு ஒரே ஒரு சாவிதான். ஒரு சாண் நீளம், அரைக் கிலோ கனம். இருபத்தாறு வருஷமாக அது மதாம் சொலாஞ் பெரிஷோன் வீட்டு அடுப்படிச் சுவரில் தொங்கியது. தேவாலயக் கதவில், "சாவி எதிர்வீட்டில்" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். எண்ணூறு வருஷத்துச் சுவரோவியங்களைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, சதுக்கத்தைக் கடந்து வந்து அவள் கதவைத் தட்டுவார்கள். கதவைத் திறந்ததும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை இதுதான்:

"மறுபடியுமா!"

அதோடு விட்டால் பரவாயில்லையே. "மனுஷி நிம்மதியா ஒரு வாய் சூப் குடிக்க முடியுதா இந்த ஊர்ல? இந்தாங்க. காலைத் துடைச்சிட்டு உள்ள போங்க. கதவைச் சாத்துங்க, குருவி உள்ள போயி புனிதர் தலையிலேயே எச்சம் போட்டுடுது. பன்னெண்டு மணிக்குள்ள சாவி திரும்பி வரணும், ஆமா!"

வந்தவர்கள் அரண்டுபோய், மன்னிப்புக் கேட்டு, நுனிக்காலில் நடப்பார்கள். அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது, கார் சத்தம் கேட்டபோதே இவள் கதவுக்குப் பின்னால் வந்து நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, பத்து வரை எண்ணிவிட்டுத்தான் திறந்தாள் என்று? ஓடி வந்து திறந்த மாதிரி தெரிந்துவிடக் கூடாதாம். அப்படி ஒரு வீம்பு.

கணவன் மார்செலின் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஊரில் மிச்சம் பத்தொன்பது பேர். பாதி வீடுகளின் ஜன்னல்கள் ஆகஸ்டு மாதம் மட்டும் திறக்கும். ரொட்டி வண்டிக்காரன் செவ்வாயும் வெள்ளியும் ஹாரன் அடிப்பான், ரொட்டியை நீட்டுவான், போய்விடுவான். குளிர்காலத்தில் மூன்று நாள் தன் குரலைத் தானே கேட்காமல் இருந்துவிட்டு, நாலாம் நாள் பூனையைத் திட்டும்போது தொண்டை கரகரக்கும். அவள் வீட்டுக் கதவை மனுஷர் தட்டுவதென்றால் அது சாவிக்காக மட்டும்தான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் மேயர் பஸ்தியன் வந்தான். நல்ல பையன். பையன் என்ன, ஐம்பது வயசு.

"மதாம் பெரிஷோன், உங்களுக்கு ஒரு நல்ல சேதி. தேவாலயத்துக்குத் தானியங்கிப் பூட்டு வருது. காலையில ஒன்பதுக்கு அதுவே திறந்துக்கும், சாயங்காலம் ஆறுக்கு அதுவே பூட்டிக்கும். ஆள் உள்ள கால் வச்சா விளக்கும் தானா எரியும்."

சொலாஞ் அடுப்படிச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "யாருப்பா கேட்டா இதை?"

"யாரு கேட்டாவா? நீங்கதான்! இருபத்தாறு வருஷமா, முன்ன மேயரா இருந்த என் அப்பாகிட்ட புலம்புனீங்க, இப்ப என்கிட்ட புலம்புறீங்க. ஊர்க் கூட்டத்துல நானே சொன்னேன், பாவம், அந்த அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு, இனிமேலாவது விட்டுடுவோம்னு. எல்லாரும் சரின்னு கை தூக்கிட்டாங்க."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். 'வேண்டாம்ப்பா, அந்தத் தொந்தரவு எனக்கு வேணும்' என்று நாலு வார்த்தை. வீம்பு பிடித்த நாக்கு அசையுமா?

"ரொம்ப சீக்கிரமா செஞ்சிட்டீங்களே," என்றாள் குத்தலாக. பஸ்தியன் சிரித்துவிட்டுப் போனான்.

பூட்டு வந்தது. தாளைக் கிழித்துவிட்டார்கள். அவள் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். கார் வரும், ஆட்கள் இறங்குவார்கள், கதவைத் தள்ளுவார்கள், உள்ளே வெளிச்சம் வரும், அரைமணியில் போய்விடுவார்கள். ஒருத்தர் இந்தப் பக்கம் திரும்ப வேண்டுமே! மே மாதத்தில் ஒருநாள் ஒரு பெண்மணி நேராக அவள் கதவை நோக்கி வந்தாள். சொலாஞ் பத்து வரை எண்ணக்கூட இல்லை, ஏழிலேயே திறந்துவிட்டாள். அந்தப் பெண் கழிப்பறை எங்கே என்று கேட்டாள்.

"மேயர் அலுவலகத்துக்குப் பின்னால. எழுதிப் போட்டிருக்கே, படிக்க மாட்டீங்களா?" என்றாள் சொலாஞ். கதவைச் சாத்திய பிறகு தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். வீட்டிலேயே கழிப்பறை இருக்கிறதே, முட்டாளே.

சரி, யார் வராவிட்டாலும் போகட்டும். தெக்கர் வருவார்.

தெக்கர் ஹாலந்துக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பதினோரு வருஷமாக, இயேசுவின் விண்ணேற்றத் திருநாள் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து தட்டுவார். வருஷத்துக்கு ஒரு உருவம் என்று சுவரிலிருந்து பென்சிலால் வரைந்துகொண்டு, மதியம் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது வாசலில் நின்றபடி காட்டுவார். "கழுதை நல்லா வந்திருக்கு, ஏரோது ராஜாவுக்கு மூக்கு சரியில்ல," என்று இவள் குறை சொல்வாள். அவர் சிரிப்பார். அன்றைக்கென்று முந்தின நாளே ஹேசல் கொட்டை கேக் செய்து வைத்திருப்பாள். ஒரு துண்டைத் தாளில் சுற்றி, "மிச்சம் கிடந்துச்சு, வீணாத்தான் போகும்," என்று கையில் திணிப்பாள். உள்ளே வாங்க என்று ஒருமுறையும் சொன்னதில்லை. சாவி இருந்ததே, சொல்ல என்ன அவசரம்?

இந்த வருஷம் சாவிக்கு வேலையில்லை. அவர் தட்டுவாரா, மாட்டாரா? ஒரு வாரமாக அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. தேவாலயத்தின் மின்சாரப் பெட்டி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு சுவிட்சைக் கீழே இறக்கினால் கதவு திறக்காது, மனுஷன் வந்து தட்டித்தானே ஆகவேண்டும்? புதன்கிழமை சாயங்காலம் பெட்டி வரைக்கும் போனாள். சீ, பிச்சையெடுப்பதற்கு இது ஒரு வழியா என்று திரும்பிவிட்டாள். போய் கேக்குக்கு மாவு கலக்கினாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. தெக்கர் இறங்கினார். கதவில் தாள் இருந்த இடத்தைப் பார்த்தார். கைப்பிடியைத் தள்ளினார். திறந்துகொண்டது. அவர் திரும்பி அவள் வீட்டை ஒரு நிமிஷம் பார்த்தார். அவர் உள்ளே போய்விட்டார்.

வேலை முடிந்து வருவார், படத்தைக் காட்டாமலா போவார் என்று அவள் மேஜையில் இரண்டு கோப்பை வைத்தாள். பன்னிரண்டு மணிக்கு அவர் வெளியே வந்தார். காருக்குள் உட்கார்ந்தார். பையிலிருந்து ரொட்டியை எடுத்து, தனியாக, முன்கண்ணாடியைப் பார்த்தபடி சாப்பிட ஆரம்பித்தார். அவள் வாசலுக்கும் அந்தக் காருக்கும் இருபது அடி இருக்காது.

அவளால் தாங்க முடியவில்லை. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் சதுக்கத்துக்கு இறங்கினாள். சொல்லிவிட வேண்டியதுதான். கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"என்ன இது, வீடு வாசல் இல்லாதவன் மாதிரி காருக்குள்ள உக்காந்து தின்னுக்கிட்டு!"

பாருங்கள், வந்தது அதுதான்.

தெக்கர் பதறிப்போய் இறங்கினார். "மன்னிச்சுக்கோங்க மதாம், இங்க நிறுத்தக் கூடாதா?"

"அதெல்லாம் நிறுத்தலாம். ஏன்... தட்டலை?"

அவர் முகம் மலர்ந்தது. "தட்டலாமான்னு நினைச்சேன். ஆனா பூட்டைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒவ்வொரு வருஷமும் உங்களைத் தொந்தரவு பண்றேனேன்னு என் மனசு உறுத்தும். சாப்பாட்டு நேரத்துல, திருநாள் அன்னிக்கு. வீட்டுல மனைவிகிட்டகூட சொல்வேன், அந்தம்மாவுக்கு இருக்கிற பொறுமை யாருக்கும் வராதுன்னு. போன வருஷம் நீங்க சொன்னீங்களே, ஒரே ஒரு நாளாவது என்னை விட்டுத் தொலைங்கன்னு. அது எனக்கு மறக்கவே இல்ல மதாம். இப்ப உங்களுக்கு நிம்மதி, இல்லையா?"

மனுஷன் உண்மையாகவே அவளுக்காகச் சந்தோஷப்பட்டார். கண்ணில் அது தெரிந்தது. எதிரில் நின்ற அவளுக்கு ஏப்ரன் நுனியைப் பிடித்திருந்த விரல்கள் வலித்தன.

"ஆமா," என்றாள் சொலாஞ். "பெரிய நிம்மதி."

அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்று மணிக்கு இன்னொரு ஊரில் ஒரு கோட்டையைப் பார்க்க வேண்டும், இப்போது கிளம்பினால்தான் சரியாக இருக்கும் என்றார். கார் சதுக்கத்தைச் சுற்றித் திரும்பி, பாப்லார் மரங்களின் பக்கம் இறங்கி மறைந்தது.

சொலாஞ் நின்ற இடத்திலேயே நின்றாள். சத்தம் முழுதாக அடங்கிய பிறகு வாயைத் திறந்தாள்.

"உள்ள வாங்க," என்றாள். "உங்களுக்குன்னுதான் கேக் செஞ்சேன். கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க."

தடங்கலே இல்லாமல், ஒரு முணுமுணுப்புகூட ஒட்டாமல் வந்தது.