வெட்டிய பதினோரு விநாடி

காலை ஒன்பதே காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தாள் எடிட்டர். ரசிகர்களின் பக்கங்களில் எங்கே பார்த்தாலும் ஒரே படம். அதன் இடது பாதியில் விமான நிலையத்தில் யாரோ எடுத்த மௌனியின் புகைப்படம். வலது கை மோதிர விரலில் கட்டு. மறு பாதியில் ஒரு கதையிலிருந்து இரண்டு வரிகள், சிவப்பு வட்டத்துக்குள்.

'விரல் வீங்கியிருந்ததால் மௌனியால் முடிச்சுப் போட முடியவில்லை. நெட்டையன் ஒன்றும் கேட்காமல் மண்டியிட்டு, அவனுடைய ஷூ லேஸை இரட்டை முடிச்சாகக் கட்டிவிட்டான்.'

அடியில் ஒருவர் எழுதியிருந்தார்: "போட்டோ நேத்து வந்துச்சு. கதை அஞ்சு நாள் முன்னாடியே வந்துடுச்சு. இதை எழுதினது உள்ள வேலை பாக்குற ஆளு."

உள்ளே வேலை பார்க்கிற அந்த ஆள் அவள்தான்.

மௌனியும் நெட்டையனும் நான்கு பேர் கொண்ட பாட்டுக் குழுவில் இருவர். பெற்றவர்கள் வைத்த பெயரை மறக்கடித்து ரசிகர்கள் சூட்டிய பெயர்கள் இவை. பெயர் சூட்டியதோடு விட்டார்களா? இருவரையும் காதலர்களாகவும் ஆக்கிவிட்டார்கள். ஆதாரம் வேண்டுமா, கொட்டிக் கிடக்கிறது. ஒருவன் குடித்த பாட்டிலில் மற்றவன் தண்ணீர் குடித்தான். ஒருவன் தும்மியபோது மற்றவன் திரும்பிப் பார்த்தான். கல்யாணத் தரகர்கள்கூட ஒரு ஜோடியைச் சேர்க்க இவ்வளவு பாடுபடமாட்டார்கள்.

எடிட்டர் அந்தக் கூட்டத்தில் பழைய ஆள். 'ஈரக்குடை' என்ற புனைபெயரில் அந்த ஜோடியை வைத்து அவள் எழுதிய தொடர்கதை இருபத்தேழு அத்தியாயம் ஓடியிருந்தது. குழுவின் கம்பெனியிலேயே, மேடைக்குப் பின்னால் எடுக்கும் காட்சிகளைத் தொகுக்கும் வேலை கிடைத்த அன்றே அதை ஏறக்கட்டியிருக்க வேண்டும். அடுத்த அத்தியாயத்தோடு நிறுத்திவிடுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பத்து மாதம் ஓட்டிவிட்டாள். ஒன்றில் மட்டும் கறாராக இருந்தாள். வெளியே வந்த வீடியோவில் இல்லாத எதையும் கதைக்குள் கொண்டுவருவதில்லை.

அங்கேதான் கால் இடறியது. ஒரே காட்சியை நாற்பது தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிறவளுக்கு, எதை வெட்டினோம், எதை விட்டோம் என்பது நாலு நாளில் கலங்கிப்போகும். நிகழ்ச்சி முடியும்வரை விரல் அடிபட்டது வெளியே தெரியக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. லேஸ் கட்டும் அந்தப் பதினோரு விநாடியை அவளே தன் கையால் வெட்டினாள். அப்புறம் வீட்டுக்குப் போய், ஊரே பார்த்த காட்சிதானே என்ற நினைப்பில் அவளே அதை எழுதியும் வைத்தாள்.

கதையை அழித்துவிடலாமா என்று யோசித்தாள். அழித்தால் பயந்துவிட்டாள் என்று ஆகிவிடும். அதுவும் போக, இதற்குள் ஆயிரம் பேர் அதைப் படம் பிடித்து வைத்திருப்பார்கள். ரசிகர்கள் எப்படி என்று அவளுக்குத் தெரியாதா, அவளும் ரசிகைதானே.

பதினோரு மணிக்கு மேனேஜரம்மா நான்கு பேரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்: கேமராக்காரர், சவுண்டுக்காரர், மேக்கப் அக்கா, எடிட்டர். ஏசி குளிரிலும் எடிட்டருக்கு உள்ளங்கை வியர்த்தது. சுடிதாரில் துடைத்துத் துடைத்துத் துணியே நனைந்துவிட்டது.

"அந்த லேஸைக் கட்டினப்போ காரிடார்ல இருந்தது நீங்க மூணு பேரு. அதை அப்புறம் பார்த்தது எடிட்டர். வேற யாருக்கும் தெரிய வாய்ப்பில்ல," என்றார் மேனேஜரம்மா. அவர் சத்தம் போடுகிற ரகம் இல்லை. அதனாலேயே அவரைக் கண்டால் பயம்.

கேமராக்காரர் தனக்கு வரும் மெசேஜையே படிக்காதவர். சவுண்டுக்காரருக்கு அந்த நால்வரில் யார் எவன் என்பதே இன்னும் குழப்பம். எடிட்டர் வாயில்லாப் பூச்சி என்று பெயர் வாங்கியவள்; அந்தப் பெயர் இப்போது அவளுக்குப் பெரிய கவசமாக இருந்தது. மிச்சம் மேக்கப் அக்கா.

"உங்க பொண்ணு இவங்க ரசிகைதானே?"

"ஆமா மேடம். ரூம் பூரா இவங்க படம்தான்."

"வீட்டுல ஏதாவது சொன்னீங்களா?"

மேக்கப் அக்காவுக்கு மறைக்கத் தெரியாது. "விரல்ல அடிபட்டுச்சு, பாவம், சாப்பிடக் கஷ்டப்படுதுன்னு சொன்னேன். ஆனா அவ கதையெல்லாம் எழுதுற ஆளு இல்ல மேடம். பரீட்சையிலயே ரெண்டு பக்கத்தைத் தாண்ட மாட்டா."

சவுண்டுக்காரர் சிரித்துவிட்டார். மேனேஜரம்மா திரும்பிப் பார்த்ததும் இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார்.

"அஞ்சு மணி வரைக்கும் டைம் தர்றேன். பொண்ணு எழுதினதை ஒத்துக்கிட்டு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. இல்லன்னா நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

பதினான்கு வருஷமாக அந்த நாலு சுவருக்குள் முகங்களுக்கு மெருகேற்றியவள், தன் முகத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் வெளியே வந்தாள். நேரே எடிட்டரின் மேசைக்குத்தான் வந்தாள்.

"நீ கம்ப்யூட்டர் தெரிஞ்சவ. இந்த ஈரக்குடை என் பொண்ணுதானான்னு பாத்துச் சொல்ல முடியுமா? போன்ல கேட்டேன், இல்லவே இல்லன்னு அழுவுறா. நான் நம்பல. பொய் சொல்லாதடி, உன்னால என் பொழப்பே போச்சுன்னு கத்திட்டேன். போனை வச்சுட்டா. இப்ப எடுக்கவும் மாட்டேங்கிறா."

"பாக்கறேன்க்கா," என்றாள் எடிட்டர். தன் மேல் தனக்கே அருவருப்பாக இருந்தது.

மாடிப்படியில் நின்று கூடப்பிறந்த அக்காவுக்குப் போன் போட்டாள். ஈரக்குடை யார் என்று உலகத்தில் தெரிந்தது அந்த ஒருத்திக்குத்தான்.

"அக்கா, வேலையில ஒரு பிரச்சினை." எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"உன் பேரு எங்கயும் வரலைல்ல? அப்ப வாயைத் திறக்காதே," என்றாள் அக்கா. "உள்விஷயத்தை வெளிய விடுறவன்னு பேரு வந்துச்சுன்னா வேற எவனும் உன்னைச் சேர்த்துக்க மாட்டான். உங்க மாமா உன் வேலையைப் பத்தி எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டுத் திரியறாரு." அப்புறம் கேட்டாள்: "அந்தம்மாவுக்கு என்ன வயசிருக்கும்?"

"அம்பது."

"ம்," என்றாள் அக்கா. "அடுப்புல பால் வச்சிருக்கேன்." போனை வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது மேசையில் நேற்றைய ஒத்திகையின் மெமரி கார்டு காத்திருந்தது. நாளைக்குள் தொகுத்துத் தர வேண்டும். கை தன்பாட்டுக்கு வேலை செய்யட்டும் என்று அதைச் செருகினாள். அதே காரிடார், அதே பெஞ்ச். நால்வரும் மேடைக்குப் போகக் காத்திருந்தார்கள். முன்பெல்லாம் மௌனிக்கும் நெட்டையனுக்கும் நடுவில் ஒரு கை நுழைய இடம் இருக்காது. இப்போது நடுவில் மற்ற இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மௌனியின் இடது ஷூ லேஸ் அவிழ்ந்து தொங்கியது. கட்டுப் போட்ட விரலோடு குனிந்து இழுத்தான், வழுக்கியது. மறுபடி இழுத்தான். பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து நெட்டையன் அதைப் பார்த்தான், எழுந்தான், இரண்டு எட்டு வைத்தான். அப்புறம் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தான். இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் அப்பால் போய்விட்டான்.

அவள் ஓட்டிப் பார்த்தாள். பின்னால் இழுத்து மறுபடி ஓட்டினாள். நாலாவது தடவை நெட்டையனின் கண்ணை நிறுத்தி வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தப் பார்வை கேமராவுக்கு இல்லை. ஈரக்குடைக்கு. இருபத்தேழு அத்தியாயம் இவர்களைச் சேர்த்துச் சேர்த்து வைத்தவள்தான் இதையும் செய்திருக்கிறாள். ஒரு லேஸ் கட்டுவதற்குக்கூட இனி அவன் யோசிப்பான்.

மணி நாலு நாற்பது. கண்ணாடி அறைக்குள் போய், உட்காரச் சொல்லும் முன்பே சொல்லிவிட்டாள்.

"ஈரக்குடை நான்தான் மேடம். மேக்கப் அக்கா பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

மேனேஜரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா?" என்றார். அதில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் தூக்கலாக இருந்தது. "அந்தக் கார்டைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்பு. போற வழியில அவங்ககிட்டயும் நீயே சொல்லிடு."

சொன்னாள். மேக்கப் அக்கா திட்டவில்லை. அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. கேட்ட மாத்திரத்தில் கைபேசியை எடுத்து மகளின் எண்ணை அழுத்தி, "எடுடி, எடுடி," என்று அதனிடமே கெஞ்சிக்கொண்டு நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தாள். இரண்டு திட்டு வாங்கியிருந்தால் எடிட்டருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்வாசல் படியில் மௌனி வண்டிக்காகத் தனியாக உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் நகர்ந்து வழிவிட்டான்.

"நீங்கதானாமே. இப்பதான் மேடம் போன் பண்ணாங்க," என்றான். அவன் பேசி அவள் கேட்டதே பத்து வார்த்தைதான் இருக்கும்.

"மன்னிச்சிரு தம்பி."

"நானும் படிச்சேன்க்கா. நல்லாத்தான் எழுதறீங்க." வண்டி வரும் திசையைப் பார்த்தபடி சொன்னான். "அவனும் நானும் ஸ்கூல்லேர்ந்து ஒண்ணா இருக்கோம். இப்ப அவன் என்கூடப் பேசி நாலு நாளாச்சு."

அவனுடைய இடது லேஸ் படியில் புரண்டு கிடந்தது. அவள் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே குனிந்து அதைக் கையில் எடுத்தாள். அவன் சட்டென்று காலை இழுத்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே கைபேசியோடு நின்ற இரண்டு பெண்களைப் பார்த்தான்.

"வேணாம்க்கா. அப்புறம் நம்ம ரெண்டு பேரையும் வச்சு எழுதுவாங்க."

லேஸின் இரண்டு முனைகளையும் ஷூவுக்குள் திணித்துக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வண்டியில் ஏறினான்.