நெருப்புக்கு வலது பக்கம்

அன்று காலை என் கணவர் வீட்டில் கடைசியாகச் செய்த வேலை, எனக்கு பார் சோப்பை நான்காக அறுத்துக் கொடுத்தது. கத்தி வைத்தால் உதிரும் என்று நூலால்தான் அறுப்பார். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறு முனையைக் கையால் இழுப்பார். அறுத்த துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்று சொல்லி வாளி பக்கத்தில் அடுக்கினார். கையைக் கழுவிக்கொண்டு ஏழு மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டார். அன்று எனக்கு லீவு. குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. 1989, ஐப்பசி மாதம். அவருக்கு நாற்பத்திரண்டு வயது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் தாண்டவராயன் நல்லவர் என்றார்கள். நல்லவர்தான். ஆனால் அவர் எவ்வளவு வேடிக்கையானவர் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அதனால் ஓட்டை விவகாரத்தை நான் எழுதி வைக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் ஒரு பட்டறையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் ஆபீஸில் டைப்பிஸ்ட். அவர் வெளியே தகர ஷெட்டில் கேஸ் நெருப்பால் இரும்புத் தகடு வெட்டுகிறவர். பதினான்கு வருஷம் கையாலேயே வெட்டினார். அவர் வெட்டிய ஓரத்தில் விரலை ஓட்டினால் எங்கும் தடுக்காது.

1987 தை மாதம் முதலாளி நடேசன் பம்பாயிலிருந்து ஒரு மெஷினை வரவழைத்தார். பிளாஸ்மா என்றார்கள். கேஸைவிடப் பல மடங்கு சூடான நெருப்பு, ஊசி மாதிரி இறங்கும். டார்ச்சை மனுஷன் பிடிக்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டரே நடத்தும். எந்த வழியில் நடக்க வேண்டும் என்று காகித நாடாவில் எண்களைத் துளைத்துக் கொடுத்தால் போதும். அதைத் துளைக்கிற இயந்திரம் பார்க்க டைப்ரைட்டர் மாதிரி இருந்ததால் அந்த வேலை எனக்கு வந்தது. மெஷினை ஓட்டும் வேலை அவருக்கு. அன்று ராத்திரியே அவர் தன் காக்கிச் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டார்.

வெள்ளிக்கிழமை பூஜை. முதலாளி கற்பூரத் தட்டோடு மெஷினை மூன்று முறை வலம் வந்தார், நாங்கள் பின்னால் போனோம். நெற்றியில் விபூதியோடு நான் முதல் டேப்பைத் தட்ட உட்கார்ந்தேன். மறைமலை நகரில் வண்டிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு வட்டத் தகடு, அதில் போல்ட் போட நான்கு ஓட்டை. இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்த மாதிரியைப் பார்த்து எண்களை மாற்றித் தட்ட வேண்டும். 02 என்று தட்டினால் டார்ச் வலமாகச் சுற்றும், 03 என்றால் இடமாக. வெளிச்சுற்றுக்கு 02 இருந்தது. ஓட்டைகளுக்கு மட்டும் 03.

எனக்குக் கை ஓடவில்லை. கற்பூரம் அணைந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, முதல் வேலையே இடமாகவா? நெருப்பை வைத்துக்கொண்டு இடமாகச் சுற்றுவது சாவு வீட்டில்தான். எந்தப் பக்கம் சுற்றினாலும் வட்டம் வட்டம்தானே என்று நான்கு 03-ஐயும் 02 ஆக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. மெஷின் ஒரு மறுப்பும் இல்லாமல் வெட்டியது. எல்லோரும் கை தட்டினோம். நானும் அதோடு மறந்துவிட்டேன்.

முதல் நாற்பது தகட்டைப் பார்க்க மறைமலை நகர் கம்பெனியிலிருந்து கண்ணப்பன் என்ற இன்ஸ்பெக்டர் வந்தார். ஓட்டைக்குள் மேலிருந்து போல்ட்டை விட்டார். பாதியில் நின்றது. இன்னொன்றில் விட்டார். அதுவும் நின்றது.

"தாண்டவராயன், வெளி ஓரம் அல்வாத் துண்டு மாதிரி இருக்கு. ஓட்டை மட்டும் ஏன் புனல் மாதிரி இருக்கு?"

"புனலா சார்?"

"மேல அகலம், அடியில குறுகல். போல்ட்டைச் சுத்தியால அடிச்சா வண்டியில ஏத்துறது?"

நாற்பதும் திரும்பியது.

அடுத்த வாரம் முழுவதும் அவர் மெஷினோடு மல்லுக்கு நின்றார். டார்ச்சைத் தகட்டுக்குக் கிட்டே இறக்கினார். வேகத்தைக் குறைத்தார், அடியில் கசடு கட்டியது. வேகத்தைக் கூட்டினார், ஓரத்தில் வரி வரியாக விழுந்தது. கம்ப்ரெஸர் காற்றில் ஈரம் இருக்குமோ என்று வடிகட்டியைக் கழற்றிக் காயவைத்தார். டார்ச்சின் முனையில் இருக்கிற செம்பு நாசிலைப் புதிதாக மாற்றினார். ஒவ்வொன்றிலும் வெளி ஓரம் இன்னும் அழகாக வந்தது. ஓட்டை மட்டும் புனலாகவே நின்றது.

வெல்டர் ரகுபதிக்கு இது தீபாவளி. அவர் என் கணவருக்கு மச்சான் முறை.

"இன்னா மாமா, கம்ப்யூட்டரு கோணலா ஓட்ட போடுதாமே? ரவுண்டு அரம் ஒண்ணு வாங்கியாந்து தரட்டா? ராவிக்கினே குந்து."

"வாங்கியா. மொதல்ல உன் மூக்க ராவி நேராக்குறேன்."

சிரித்துத்தான் பதில் சொன்னார். ஆனால் இரண்டாவது நாற்பதும் திரும்பி வந்த அன்று முதலாளி அவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். என் மேஜைக்கு எதிரேதான் பேசினார்.

"தாண்டவா, மூணாவது வாட்டியும் திரும்பி வந்துச்சுன்னா ஆர்டர் போயிடும். அதுக்குள்ள பம்பாய்ல சொல்லி ஒரு ஆப்பரேட்டரை இட்டாந்துடலாம்னு கீறேன். நீ பழையபடி ஷெட்டுக்குப் போயிடு. கோச்சிக்காதே."

"எப்போ மொதலாளி?"

"திங்கக்கெழம வரிக்கும் பாரு."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். கண்டக்டரை வம்புக்கு இழுக்காமல் அவர் குன்றத்தூர் வரைக்கும் வந்தது அதுதான் முதல் தடவை. கண்டக்டரே என்னிடம், "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லையாக்கா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது, "ஷெட்டு ஒண்ணும் மோசமில்ல காந்தி, காத்து வரும்" என்றார். அது தகரக் கொட்டகை. சித்திரையில் அதற்குள் காகம்கூட உட்காராது.

சனிக்கிழமை மதியம் நான் ஆபீஸில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து ஏதோ ஒன்று சிமெண்ட் தரையில் உருண்டு வந்தது. நேராக வந்து என் மேஜைக் காலில் இடித்து விழுந்தது. ஓட்டை வெட்டும்போது நடுவிலிருந்து கழன்று விழும் இரும்பு வில்லை. பின்னாலேயே இன்னொன்று. அதுவும் நேராக வந்தது. மூன்றாவதின் பின்னால் அவர் வந்தார், வாயெல்லாம் பல்.

"இன்னாங்க இது, கோலி ஆடுறீங்களா?"

"டைப்பிஸ்ட்டம்மா, இது எப்படி உருளுது?"

"நேரா உருளுது."

"ஓரம் சாஞ்சிருந்தா நேரா உருளுமா? வளைஞ்சிக்கினு போவும். இது குப்பத் தொட்டியில கெடந்தது. குப்பைக்குப் போறது கண்ணாடி மாதிரி கீது, தகட்டுல நிக்கிறது புனலு மாதிரி கீது. நடுவுல ஓடுன நெருப்பு ஒண்ணுதான்!"

ஒரு வில்லையை எடுத்து என் ரசக் கிண்ணத்தின் மூடிமேல் நிறுத்தினார். அது ஆடாமல் நின்றது.

"வெளிச்சுத்துலயும் பாத்தேன். அங்க தகட்டு ஓரம் நேரு, மிச்சம் நிக்கிற வெளித்தகடு கோணல். அப்போ இந்த நெருப்பு ஒரு பக்கத்த நல்லா வெட்டுது, மறுபக்கத்த கெடுக்குது. அது போற தெசையில நின்னு பாத்தா வலது கைப்பக்கம் நல்லது. வெளியில தகடு வலது பக்கம் விழுது. ஓட்டையில குப்பை வலது பக்கம் விழுது. ஓட்டைய மாத்திச் சுத்த வச்சா தீந்துச்சு. அதுக்கு இன்னா நம்பர் தட்டணும்னு அந்த பொஸ்தகத்துல பாரேன்."

புத்தகத்தைப் பார்க்கவே வேண்டாம் எனக்கு.

"03" என்றேன்.

"பாக்காமயே சொல்றியே!"

"பொஸ்தகத்துல மொதல்லேந்தே அப்படித்தாங்க இருந்துச்சு. நான்தான் மாத்திட்டேன்."

பூஜை, கற்பூரம், இடம், சாவு வீடு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. மூன்று வாரமாக அவர் கழற்றி மாட்டிய நாசில் எல்லாம் கண் முன்னால் வந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காந்தி, குன்றத்தூர் மலைமேல பிராகாரத்த சுத்துறியே, முருகன் உனக்கு எந்தக் கைப்பக்கம் இருக்காரு?"

"வலது கைப்பக்கம்."

"அதுக்குப் பேருதானே வலம்? சாமிய வலது கைப்பக்கம் வச்சிக்கினு சுத்துறது. இங்க சாமி யாரு? தகடு. ஓட்டைக்குள்ள பூந்து சுத்தும்போது தகடு வலது பக்கம் இருக்கணும்னா எப்படிப் போவணும்?"

நான் விரலால் மேஜைமேல் சுற்றிப் பார்த்தேன். இடமாகத்தான் போக வேண்டியிருந்தது.

"மூணு வாரமா நீ குப்பைய வலம் வந்துக்கினு இருந்திருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் ஷெட்டிலிருந்து ரகுபதி எட்டிப் பார்த்தார். "அக்கா, மாமாவுக்கு முத்திடுச்சா?" என்றார்.

அன்றே டேப்பைத் திருப்பித் தட்டினேன். திங்கட்கிழமை காலையில் முதல் தகடு வெட்டும்போது முதலாளி கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா இது, எடமாப் போவுது?"

என் கணவர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஓட்டைக்குத்தான் எடம் மொதலாளி. தகட்டுக்கு வலம்." முருகனையும் பிராகாரத்தையும் சொன்னேன். முதலாளி கையை நீட்டி, தன்னையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, தலையாட்டினார்.

"செரிதான். இத்தினி நாளு ஏன் மாத்திப் போச்சு? டேப்பைத் தப்பா அடிச்சது யாரு?"

என் கணவர் தகட்டைத் திருப்பி ஓரத்தில் விரலை ஓட்டியபடி, "புது மெஷினு மொதலாளி. பூஜைக்கு நம்ம பின்னாலயே சுத்திப் பழகிடுச்சு" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் காகித நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆபீஸுக்குள் போனார்.

மூன்றாவது முறை கண்ணப்பன் வந்தபோது ஒவ்வொரு ஓட்டையையும் பார்த்தார். நாற்பது தகடு, நூற்றறுபது ஓட்டை. போல்ட்டை விட்டால் அது உள்ளே போய் மறுபக்கம் கீழே விழுந்தது. ஒவ்வொரு தடவையும் என் கணவர் குனிந்து அதை எடுத்து, "இந்தாங்க சார்" என்று மரியாதையாகக் கொடுத்தார். நூறுக்குமேல் கண்ணப்பனே சிரித்துவிட்டார்.

"போதும் தாண்டவராயன். மிச்சத்தை நம்புறேன்."

"பரவால்ல சார், பாருங்க. எனக்கு இடுப்பு நல்லாத்தான் கீது."

பம்பாய் ஆள் வரவில்லை. அடுத்த இரண்டே முக்கால் வருஷம் அவர்தான் அந்த மெஷினை ஓட்டினார். ஆயுத பூஜைக்கு வருகிற விருந்தாளிகளிடம், "எங்க வூட்டம்மா குப்பைய வலம் வந்த கதை தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். நான் முறைப்பேன். என் பெயரை முதலாளியிடம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் முதலாளிக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது மெஷினை ஓட்டுவது ரகுபதி. காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, "அக்கா, டேப்பு நீங்களே அடிக்கிறீங்களா, வேற ஆளைப் போடச் சொல்லட்டா?" என்று கேட்டார். நானே அடிக்கிறேன் என்றேன். வெளிச்சுற்றுக்கு 02. ஓட்டைக்கு 03.