இரண்டு மேனேஜர்கள்

லிஃப்டுக்குள் சவப்பெட்டி நுழையவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து படிவழியாகத்தான் இறக்கவேண்டும். படிகளில் கிடந்த செருப்புகளை ஒதுக்கிக்கொண்டே வந்த ஜெரூஷா நிமிர்ந்தபோது, கீழே வைத்தீஸ்வரன் நின்றிருந்தார். அப்பா துரைராஜ் சாகும்வரை பேச மறுத்த ஒரே மனிதர்.

நீலா ஏர்வேஸ் இரண்டே விமானங்களோடு தொடங்கியபோது அப்பா அதில் சேர்ந்தார். மதுரை, கோவை, ஹைதராபாத் என்று கம்பெனி வளர வளர, கவுன்ட்டரில் நின்றவர் சென்னைக்கு மேனேஜர் ஆனார். பக்கத்து கவுன்ட்டரில், போட்டிக் கம்பெனிக்கு வைத்தீஸ்வரன் மேனேஜர். இருவரும் ஒன்றாக டீ குடிப்பார்கள். பெருங்களத்தூருக்கு ஒரே பைக்கில் திரும்புவார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர் வராமல் இங்கே கேக் வெட்டியதில்லை.

பிறகு அந்தக் கம்பெனி நீலாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. இரண்டு மேனேஜர், ஒரு நாற்காலி. நாற்காலி வைத்தீஸ்வரனுக்குப் போனது. அப்பா வேலையை விட்டார். வைத்தீஸ்வரனின் போனை எடுப்பதையும் விட்டார்.

"ஏன் அங்கிள் வந்தீங்க?" நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது குரல்.

"உங்கப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன்மா. அடுத்த வருஷமே என்னையும் அனுப்பிட்டாங்க. இப்போ சிறுசேரில, ஐ.டி. கம்பெனிக்கு கேப் அனுப்புற வேலை. எத்தனையோ தடவ போன் பண்ணேன்... எடுக்கவே இல்ல."

இதைக் கேட்டிருந்தால் அப்பா சிரித்திருப்பாரா, முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாரா?

மேலே போதகரின் ஜெபம் முடிந்தது. பெட்டி இறங்கியது. திருப்பத்தில், முன்பக்கம் பிடித்திருந்த அத்தை மகன் ஜோனத்தானுக்குக் கை நழுவியது. பெட்டி சரிந்து சுவரில் மோதி நின்றது. வைத்தீஸ்வரன் பதறி நாலு படி ஏறியவர் சட்டென்று நின்றுவிட்டார். பின்னால் வந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். எல்லோரும் அம்மாவைத்தான் பார்த்தார்கள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். பிறகு கையை எடுத்தாள்.

"என்ன வைத்தி சார், பாத்துகிட்டே நிக்கிறீங்க? பிடிங்க. பசங்களால முடியல."

அவர் தோளைக் கொடுத்தார்.

பெட்டியை வண்டியில் ஏற்றிய பிறகு, ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் கதவருகிலேயே நின்றார். உள்ளே, ஜெரூஷா பக்கத்து சீட்டிலிருந்த மலர்வளையத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.