சூளைச் செம்மலும் நாற்பத்தொரு ஜன்னல்களும்

விருத்தாசலத்தில் பழமலைநாதனின் பீங்கான் கம்பெனிக்கு ஒரே கம்ப்யூட்டர்தான். சூளைச் சூட்டைக் கூட்டிக் குறைப்பதும் அது. முதலாளிக்கு ராசிபலன் காட்டுவதும் அது. தொழில் நடக்கிற இடத்தில் ‘மூடு’ என்று சொல்லக் கூடாது, ‘எடுத்து வை’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பது கடைக்காரர் வழக்கம். பழமலைநாதன் அதைக் கம்ப்யூட்டர் வரை கொண்டுபோயிருந்தார். ஆயுதபூஜை முதல் திரையில் திறந்த ஜன்னல்கள் நாற்பத்தொன்று. ஒன்றையும் மூட விடவில்லை.

சூளைக்குப் பொறுப்பு துர்காதேவி. அன்று உள்ளே இரண்டாயிரம் டீ கப் வெந்துகொண்டிருந்தன. சூளை புரோகிராம் நின்றால் கேஸ் தானே அணைந்துவிடும், அத்தனையும் அரைவேக்காடு.

அந்த நேரம் பார்த்துப் பீங்கான் கம்பெனிக்காரர்கள் சங்கத் தலைவர் விருத்தகிரி வந்தார். பழமலைநாதன் தன்னைப் பற்றித் தானே எடுத்துக்கொண்ட ‘சூளைச் செம்மல்’ படத்தைப் போடச் சொன்னார்.

“மெமரி பத்தாதுங்க ஐயா. நாலஞ்சு ஜன்னல மட்டும் மூடி...” என்று இழுத்தாள் துர்கா.

“அந்தச் சொல்லு என் காதுல வுழக் கூடாது. படத்தப் போடும்மா.”

படம் ஓடியது. கம்ப்யூட்டர், சும்மா கிடந்த ஜன்னல்களை மூட்டை கட்டி டிஸ்க்குக்குத் தள்ளி இடம் பண்ணியது. டிஸ்க்கில் அதற்கென்று ஒதுக்கிய இடமும் நிரம்பியது. திரையில் செம்மல் வாயைத் திறந்தார். அரை நிமிடம் கழித்துத்தான் சத்தம் வந்தது. இனி கம்ப்யூட்டர் ஏதாவது ஒரு புரோகிராமை வெளியே தள்ளியே தீரும். சூளை புரோகிராமைத் தொடாதே என்று துர்கா காலையிலேயே அதற்கு ஒரு வரிக் கட்டளை எழுதிவைத்திருந்தாள். சரியாகத்தான் எழுதினோமா?

செம்மல் பட்டென்று மறைந்தார். துர்கா சூட்டைப் பார்த்தாள். ஆயிரத்து நூற்றெண்பது டிகிரி, இம்மியும் குறையவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

“எவன் எடுத்து வெச்சது?”

“யாரும் இல்லீங்க. மெமரி தீந்துபோச்சுன்னா, இருக்கறதுலயே அதிகமா எடத்த அடச்சிக்கினு இருக்கறத கம்ப்யூட்டரே வெளிய அனுப்பிடும்.”

தலைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பழமலைநாதன் சற்று யோசித்தார். “அப்ப அந்த நாப்பத்தொண்ணயும் வுட என் படந்தான் பெரிசா?”

“சந்தேகமே இல்லீங்க.”

“கேட்டுக்கிட்டீங்களா தலைவரே? மிஷினாலயே தாங்க முடியல.”

“எங்களுக்கும் அப்பிடித்தாங்க இருந்துது,” என்றார் தலைவர் பணிவாக.

இரண்டு நாள் ஆறவிட்டுச் சூளையைத் திறந்தார்கள். துர்கா ஒரு கப்பை எடுத்து விரலால் சுண்டினாள். நன்றாக வெந்த கப்பாகக் கணீரென்றது. அடுத்ததும் கணீர். வரிசையாகச் சுண்டிக்கொண்டே போனாள். கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த பாஞ்சாலையக்கா அதை விட்டுவிட்டு மறு கோடியிலிருந்து சுண்டத் தொடங்கினாள். சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஒருவரும் வேலை பார்க்கவில்லை.